அட்டன் புடவைக்கடையில் பளையகட் சாரம்: ஒரு பாவனையாளரின் மதிப்பீடு

அட்டன் நகரின் பிரதான வீதியிலிருந்து சற்று விலகி, சில படிகள் ஏறிச் செல்ல வேண்டிய ஒடுக்கமான புடவைக்கடை ஒன்று இருக்கிறது. விளம்பரம் வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. பளையகட் சாரம், அதாவது ஆண்கள் இடுப்பில் உடுத்தும் கட்டம் போட்ட துணி, எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று நகரத்து முதியவர்கள் எவரிடம் கேட்டாலும் வழி காட்டுவார்கள். பாடசாலைச் சீருடைத் துணி, சேலை, துவாய் என்று எல்லாக் கடைகளிலும் உள்ளவை இங்கும் உண்டு. ஆனால் கடையின் உள்அறையில், மரத்தட்டுகளில் மடித்து அடுக்கப்பட்டிருக்கும் சோழமண்டலக் கரையின் சரக்குகளே இந்த மதிப்பீட்டுக்குப் பொருள்: கட்டம் போட்ட பளையகட் சாரங்கள், மசூலிப்பட்டினத்து அச்சு விரிப்புகள், பனையோலைப் பெட்டிகள். இவற்றுள் முதலாவதை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். இரண்டாவதை இப்போது விற்கப்படும் முறையில் வாங்க வேண்டாம் என்பேன். மூன்றாவது, வைக்கும் இடத்தைப் பொறுத்தது.

மலையகத்தில் ஆண்டுக்கு ஒரு தடவை, பெரும்பாலும் தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும், குடும்பத்துக்கே துணி வாங்கும் வீடுகள் இன்னும் ஏராளம். அந்த ஒரு தடவையில் கொடுக்கும் பணம் எதற்குப் போகிறது என்பதை வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அக்கறையாலேயே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பளையகட் என்று நாம் சொல்லும் சாரம், சென்னைக்கு வடக்கே ஏரியும் கடலும் கூடும் இடத்தில் அமைந்த பழவேற்காடு என்ற துறைமுகத்தின் பெயரைத் தாங்கியது. ஒல்லாந்தர் அங்கே 1613இல் கெல்திரியா என்ற கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை முழுவதிலும் தாம் நடத்திய வணிகத்துக்கு அதைத் தலைமையிடமாக வைத்திருந்தார்கள். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. ஒல்லாந்தருக்கு வேண்டியிருந்தவை மொலுக்காஸ் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும். அந்தத் தீவு மக்கள் வாசனைப்பொருளுக்கு மாற்றாக விரும்பிக் கேட்டது இந்தக் கரையின் பருத்தித் துணி. ஆகவே பழவேற்காட்டைச் சூழ்ந்த ஊர்களின் தறிகளில் நெய்த துணி முதலில் கிழக்கே போனது. அதைக் கொடுத்து வாங்கிய வாசனைப்பொருள் ஐரோப்பாவுக்குப் போனது. அதே துறையிலிருந்து மனிதர்களும் அடிமைகளாக விற்கப்பட்டு பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றப்பட்டார்கள் என்பதையும் இந்தத் துணியின் வரலாற்றைச் சொல்பவர்கள் விட்டுவிடக் கூடாது. கடல் கடந்து கூலிக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த நமக்கு அதைக் கடந்து போவது எளிதன்று.

அந்தக் கட்டத்துணி சென்ற தூரம் வியப்புக்குரியது. மலாய் மக்கள் அதைப் பெலிக்காட் என்று அழைத்து இன்றும் தொழுகைக்கு உடுத்துகிறார்கள். நைஜீரியாவின் ஆற்றுமுகப் பகுதியில் வாழும் களபாரி மக்கள் சென்னைக் கரையிலிருந்து வந்த கட்டத்துணியை வாங்கி, அதில் குறிப்பிட்ட நூல்களை மட்டும் கத்தியால் அறுத்து உருவியெடுத்து, மிஞ்சும் இழைகளில் புதிய கோலங்கள் தோன்றச் செய்து, சடங்குகளுக்கு அணிகிறார்கள். நெய்தவர் அறியாத ஒரு கலை, நெய்த துணியின் மேல் இன்னொரு கண்டத்தில் வளர்ந்திருக்கிறது.

மலைநாட்டுக்கு இது வந்த பாதை தோட்டங்களுக்கும் மூத்தது. கண்டி இராச்சியக் காலத்தில் முஸ்லிம் வணிகர்கள் தவலம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களில் உப்பும் துணியும் ஏற்றி மலையேறினார்கள். திரும்பும்போது பாக்கு ஏற்றிக் கரையோரத் துறைமுகங்களுக்குக் கொண்டு போனார்கள். கரையை ஆண்ட ஒல்லாந்தர் சோழமண்டலத் துணியைக் கொடுத்துப் பாக்கைப் பெறும் இந்த வணிகத்தைத் தம் கைக்குள் வைத்திருக்கப் பெரிதும் முயன்றார்கள். துணிக்குச் சிவப்பு ஏற்றிய சாயவேர்கூட ஓரளவு நம் நாட்டிலேயே, மன்னாரிலும் யாழ்ப்பாணப் பகுதியிலும், தோண்டப்பட்டது. பின்னர் கோப்பித் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் வந்தபோது துணி வேறு வகையில் வந்தது. தோட்டத்தில் கொடுத்த கம்பளியின் விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டது. லயத்துக்கு லயம் ஏறி இறங்கிய பொட்டணி வியாபாரி கடனுக்குச் சேலையும் சாரமும் கொடுத்து, சம்பள நாளன்று தவணை வாங்க வந்தார். எந்தக் காலத்திலும் மலைநாட்டில் துணி ஒரு கணக்கோடு சேர்ந்தே வந்திருக்கிறது. அந்தக் கணக்கில் வாங்குபவர் ஏமாறாமல் இருப்பதற்கு இந்தக் கடை உதவுகிறதா என்பதே என் முதல் அளவுகோல்.

சாரத்தைப் பொறுத்தவரை உதவுகிறது. கடையில் மூன்று தரங்கள் தனித்தனித் தட்டுகளில் வைக்கப்பட்டிருக்கின்றன. கீழ்த்தட்டில் பொலியெஸ்டர் கலந்தவை. நடுத்தட்டில் விசைத்தறியில் நெய்த பருத்திச் சாரங்கள். மேல்தட்டில் தமிழ்நாட்டின் குறிஞ்சிப்பாடி, குடியாத்தம் போன்ற நெசவு ஊர்களிலிருந்து வருவதாகக் கடைக்காரர் சொல்லும் கைத்தறிச் சாரங்கள். பழவேற்காட்டின் பெயர் இன்று ஒரு துணிவகையின் பெயராகத்தான் வாழ்கிறது. நெசவு பல ஊர்களுக்குப் பரவி நெடுங்காலமாகிறது. எந்தத் தட்டிலிருந்து எடுத்தது என்பதைக் கேட்காமலே சொல்லிவிட்டுத்தான் விலையைச் சொல்கிறார்கள். பல கடைகளில் மூன்றும் ஒரே அடுக்கில் கலந்து கிடப்பதையும், எல்லாவற்றின் மேலும் 'கைத்தறி' என்ற ஒரே ஒட்டுத்தாள் இருப்பதையும் பார்த்தவர்களுக்கு இந்த நேர்மையின் அருமை விளங்கும்.

ஆயினும் கடைக்காரரின் சொல்லை மட்டும் நம்ப வேண்டியதில்லை. துணியே சாட்சி சொல்லும். முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உண்மையான பளையகட் சாரத்தில் நூலுக்கு முதலே சாயம் ஏற்றி, பாவிலும் (நீளவாட்டு நூல்) ஊடையிலும் (குறுக்கு நூல்) நிறங்களை மாற்றி மாற்றி ஓட்டிக் கட்டத்தை உண்டாக்குகிறார்கள். ஆகையால் இருபக்கமும் ஒரே நிறமாக இருக்கும். வெள்ளைத் துணியில் கட்டத்தை அச்சடித்திருந்தால் உள்பக்கம் வெளிறியிருக்கும். இந்தச் சோதனை அச்சுத் துணியை விலக்குமே தவிர, கைத்தறியையும் விசைத்தறியையும் பிரித்துக் காட்டாது. அதற்குத் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். விசைத்தறியில் ஒவ்வொரு ஊடையும் ஒரே விசையோடு அடிக்கப்படுவதால் நெசவு முழுவதும் ஒரே சீராகத் தெரியும். கைத்தறியில் நெசவாளரின் கை ஓங்கிய இடத்தில் சற்று அடர்த்தியும், தளர்ந்த இடத்தில் சற்று ஐதும் மாறி மாறித் தோன்றும். கட்டங்களைக் குறுக்கே அளந்து பார்த்தால் நூலிழை அளவு வேறுபாடு இருக்கும். கரையோரத்தில், நெய்யும்போது துணியை அகல இழுத்துப் பிடிக்கும் கோலின் ஊசி பட்ட சிறு துளைகளும் தெரியலாம். இவை குறைகள் என்று எண்ணி ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் இவற்றைத் தேடித்தான் எடுப்பேன்.

அடுத்தது கஞ்சி. பாவு நூல் அறுந்து போகாமல் இருப்பதற்குக் கஞ்சி போடுவது நெசவில் தவிர்க்க முடியாதது. ஆனால் மெல்லிய துணியைக் கனமாகக் காட்டுவதற்காக நெய்த பிறகும் கஞ்சியை ஏற்றி விற்பதுண்டு. மடிப்பின் ஒரு மூலையை இரு கைகளாலும் பிடித்து நன்றாகக் கசக்கினால் மிகுதியான கஞ்சி வெண்பொடியாக உதிரும். கசக்கிய இடம் துவண்டு சல்லடைபோல் தெரியத் தொடங்கினால் அந்தச் சாரம் முதல் சலவையோடு பாதியாகிவிடும். இங்குள்ள மேல்தட்டுச் சாரங்களில் பொடி உதிர்வதை நான் கண்டதில்லை. நடுத்தட்டில் சில நிறங்களில் கண்டிருக்கிறேன், குறிப்பாக வெள்ளை மிகுந்த கட்டங்களில்.

நூலின் நம்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சார மடிப்பின் ஒட்டுத்தாளில் 60, 80, 100 என்று அச்சிட்டிருப்பது நூலின் மென்மையைக் குறிக்கும் எண். ஓர் இறாத்தல் பருத்தியிலிருந்து 840 யார் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை கிடைக்கின்றனவோ அதுவே நூலின் நம்பர் என்பது பழைய ஆலைக் கணக்கு. எண் கூடக் கூட நூல் மெல்லியதாகும், விலையும் ஏறும். கொழும்பின் புழுக்கத்துக்கு 100ஆம் நம்பர் சாரம் சுகமானதுதான். ஆனால் மாலை நான்கு மணிக்கே பனி இறங்கும் ஊரில் அது காலில் நிற்காது, குளிரையும் தடுக்காது. அட்டனிலும் நுவரெலியாவிலும் வாழ்கிறவர்களுக்கு 60ஆம் நம்பர் கைத்தறிச் சாரமே ஏற்றது. அதன் இழைகளுக்கிடையில் தங்கும் காற்று உடற்சூட்டைக் காக்கிறது. விலையும் குறைவு. இதை எனக்குச் சொன்னவர் கடையில் நெடுங்காலம் வேலை செய்யும் முதியவர்தான். நான் விலை கூடியதை எடுத்தபோது, "டீச்சர், அப்பாவுக்கா? அப்படின்னா இது வேணாம், மேல்தோட்டத்துக் குளிருக்கு அறுபதே போதும்" என்று குறைந்த விலையானதை எடுத்துக் கையில் வைத்தார். வியாபாரம் தெரிந்தவர் இப்படிச் சொல்ல மாட்டார் என்று பலர் நினைக்கலாம். துணி தெரிந்தவர் இப்படித்தான் சொல்வார்.

சாயத்தில் முழு மதிப்பெண் கொடுக்க இயலவில்லை. நீலம், பச்சை, சாம்பல் நிறக் கட்டங்கள் நன்றாக நிற்கின்றன. கடுஞ்சிவப்பும் கத்தரிப்பூ நிறமும் முதல் சில சலவைகளில் நிறம் விடுகின்றன. வெள்ளைக் கட்டம் இருந்தால் அது இளஞ்சிவப்பாகிவிடுகிறது. உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். நூலில் சரியாக ஏற்றப்படாத சாயத்தை வீட்டு உப்பு காப்பாற்றியதை நான் பார்த்ததில்லை. வாங்கும்போதே வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, சாரத்தின் ஓரத்தில் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பதே பயனுள்ள வழி. இந்தக் கடையில் அப்படிச் செய்தால் முகம் சுளிப்பதில்லை. கேட்டால் தண்ணீரும் கொண்டு வந்து தருகிறார்கள். கடைக்குள் குழல்விளக்கின் ஒளி மட்டுமே விழுவதால் கருநீலத்துக்கும் கறுப்புக்கும் வேறுபாடு தெரிவதில்லை என்பது இன்னொரு குறை. துணியை வாசற்படிக்குக் கொண்டுபோய்ப் பார்க்க விடுகிறார்கள் என்றாலும், மழை நாளில் அந்தப் படியில் நின்று நிறம் பார்ப்பது வயதானவர்களுக்கு வசதியானதன்று.

நம் காலநிலையில் துணி உலர்த்துவது தனியொரு வேலை. வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும் நாட்களில், பொலியெஸ்டர் கலந்த சாரம்தான் விரைவில் உலர்கிறது. அதை மறைக்க முடியாது. கைத்தறிச் சாரம் லயத்து வாசலில் கட்டிய கொடியில் தொங்கினால் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். அடுப்படிக்கு மேலே போட்டால் புகை நாற்றம் ஏறும். எனவே கைத்தறி வாங்குகிறவர்கள் மாற்றி உடுக்க ஒன்றுக்கு இரண்டாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது. விலையைக் கணக்கிடும்போது இதையும் சேர்க்க வேண்டும். ஆனால் பொலியெஸ்டர் சாரம் உலர்வது விரைவு என்பதைத் தவிர அதற்காகச் சொல்ல வேறொன்றும் எனக்கில்லை. வியர்வையை உறிஞ்சுவதில்லை, ஈரக் குளிரில் உடம்போடு ஒட்டுகிறது, அடுப்புத் தணல் பட்டால் உருகித் தோலில் பிடித்துக்கொள்கிறது. விறகடுப்பில் சமைக்கும் வீட்டில் இந்தக் கடைசிக் காரணமே அதை விலக்கப் போதுமானது. கலப்பு எது என்று ஐயம் வந்தால், மூட்டாத ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி எரித்துப் பார்க்கலாம்: பருத்தி கடதாசியைப் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகி, ஆறியதும் கடினமான மணியாகும்.

ஒரு சாரத்தின் தரத்தை அது சாரமாக இருக்கும் காலத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது நம் வீடுகளில் நியாயமாகாது. உடுத்தி நைந்த கைத்தறிச் சாரம் ஏணையாகிறது. பல சலவை கண்டு மென்மையான பருத்தியில் பிள்ளைக்கு வியர்ப்பதில்லை, தோல் உரசிச் சிவப்பதில்லை. பின்னர் அதுவே கிழிக்கப்பட்டு, கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியையும் உச்சந்தலையையும் அறுக்காமல் இருக்கப் பெண்கள் மடித்து வைக்கும் தலைத்துணியாகிறது. இடுப்பில் கட்டும் படங்குக்கு உள்ளே மடித்து வைக்கும் துணியாகிறது. கடைசியில் அடுப்படிக் கைத்துணியாகிறது. பொலியெஸ்டர் சாரம் இவற்றுள் எதற்கும் உதவாது. கூடைக்கயிற்றின் கீழ் அது வழுக்குகிறது, மழையில் நீரை உறிஞ்சாமல் கண்ணில் வடிய விடுகிறது என்று மலையில் வேலை செய்யும் பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கைத்தறிச் சாரத்தின் விலை தோட்டத்தில் ஒரு முழுப்பேருக்கு, அதாவது ஒரு முழுநாள் வேலைக்கு, கிடைக்கும் சம்பளத்தைத் தாண்டுகிறது. பொலியெஸ்டர் சாரம் அதில் பாதிக்கும் குறைவு. அந்த வேறுபாடு சிறியதன்று என்பதை அறிந்தே சொல்கிறேன்: இத்தனை பயன்களையும் சேர்த்துப் பார்த்தால் கைத்தறியே மலிவு.

இனி மசூலிப்பட்டினத்து விரிப்புகள். கிருஷ்ணா ஆற்று முகத்தில் உள்ள அந்தப் பழைய துறைமுகத்தின் அச்சுத்துணி கலம்காரி என்ற பெயரில் இன்று எங்கும் விற்கிறது. ஆங்கிலேயர் 1611இல் அங்கே பண்டகசாலை வைத்தார்கள். ஒல்லாந்தர் அவர்களுக்கும் முந்தியவர்கள். இந்தக் கரையின் பூத்துணியை ஐரோப்பியப் பெண்கள் விரும்பி வாங்கியதால் தம் நாட்டு நெசவு அழிகிறதென்று பிரான்ஸ் 1686இலும் இங்கிலாந்து 1700இலும் 1721இலும் தடைச்சட்டங்கள் கொண்டு வந்தன. நம் பாட்டிமார் சீத்தை என்று சொன்ன பூத்துணிக்கு இந்தப் பெருமை இருக்கிறது.

அதன் செய்முறை பொறுமையையும் இரசாயன அறிவையும் ஒருங்கே வேண்டுவது. வெள்ளைப் பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துகிறார்கள். பாலின் கொழுப்பு சாயம் பரவிக் கலங்காமல் தடுக்கிறது. வெல்லத்தையும் துருப்பிடித்த இரும்பையும் நீரில் பல நாட்கள் புளிக்க வைத்து எடுக்கும் கரைசலை மர அச்சால் துணியில் ஒற்றினால், கடுக்காயோடு சேர்ந்து அந்த இடம் கறுப்பாகிறது. சிவப்பு வர வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலை ஒற்றி, ஓடும் நீரில் அலசி, பிறகு சிவப்புச் சாயத்தில் கொதிக்க வைக்கிறார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டுமே சிவப்பைப் பிடித்துக்கொள்கிறது. மஞ்சளும் நீலமும் அதற்குப் பிறகு. மசூலிப்பட்டினத்துக்கு அருகிலுள்ள பெடனா என்ற ஊரில் இந்தத் தொழில் இன்றும் நடக்கிறது. எழுதுகோலால் கையால் வரைவது திருக்காளத்தி மரபு. அச்சால் ஒற்றுவது மசூலிப்பட்டினத்து மரபு.

இந்தக் கடையில் கலம்காரி என்று விற்கப்படும் படுக்கை விரிப்புகள் எல்லாவற்றிலும் 'கையச்சு' என்ற ஒட்டுத்தாள் இருக்கிறது. நான் விரித்துப் பார்த்தவற்றுள் பெரும்பாலானவை திரை அச்சு. கையால் மர அச்சை ஒற்றும்போது ஓர் அச்சுக்கும் அடுத்த அச்சுக்கும் இடையில் சிறு விலகலோ, மேலேறலோ எங்காவது இருந்தே தீரும். இங்கே கொடிகளும் மயில்களும் தலைப்பிலிருந்து தலைப்பு வரை இம்மியும் பிசகாமல் ஓடின. கறுப்பு கோடுகள் துணியில் ஊறாமல் மேலே படிந்து, விரலுக்குத் தடிப்பாகத் தட்டுப்பட்டன. உள்பக்கத்தில் நிறம் ஏறக்குறைய இல்லை. சென்னை மொத்த வியாபாரி அப்படியே ஒட்டி அனுப்புவதாக உரிமையாளர் சொன்னார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சாரத்தைத் தட்டுத் தட்டாகப் பிரித்து வைக்கத் தெரிந்தவருக்கு விரிப்பைப் பிரித்தறிவது கடினமன்று. அச்சுச் சீத்தை விரிப்பின் மூன்று மடங்கு விலையை இந்த ஒட்டுத்தாளுக்காகக் கொடுக்க வேண்டியதில்லை. அடுக்கின் அடியில் உண்மையான கையச்சு விரிப்புகள் சில இருந்தன: மங்கிய சிவப்பு, பழுப்பேறிய வெள்ளை, மூக்கருகே கொண்டுபோனால் லேசான துவர்ப்பு வாசனை. அவை கிடைத்தால் வாங்கலாம். அவற்றையும் ஈரமான அறையில் மடித்து வைக்கக் கூடாது. இரும்பிலிருந்து வரும் கறுப்பு காலப்போக்கில் நூலையே அரிக்கும் தன்மையுடையது. அருங்காட்சியகங்களில் உள்ள பழைய பூத்துணிகளிலும் முதலில் இற்றுப்போவது அந்தக் கறுப்புக் கோடுகள்தான்.

பனையோலைப் பெட்டிகளைப் பற்றிச் சொல்லச் சிறிதளவே உண்டு. பழவேற்காட்டுப் பெண்கள் சாயம் ஏற்றிய ஓலையால் மூடியோடு முடையும் பெட்டிகள் அழகானவை, உறுதியானவை. வெற்றிலைப் பெட்டியாகவும் சீர்வரிசைப் பெட்டியாகவும் வாங்குகிறார்கள். ஆனால் மழைக்காலத்தில் ஓலையில் பூஞ்சணம் பிடிக்கிறது. பதுளை, பண்டாரவளைப் பக்கத்து உலர்ந்த காற்றில் நீண்ட காலம் இருக்கும். அட்டனிலும் தலவாக்கலையிலும் கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைத்தால் ஒரு பருவத்திலேயே கறுத்துவிடும். காற்றோட்டமான இடத்தில் திறந்து வைக்க வேண்டும். பெரிய பெட்டிகளைவிடச் சிறியவையே முடைச்சல் நெருக்கமாக இருக்கின்றன.

கடையில் இல்லாத இரண்டு பொருட்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். கிழக்கிலங்கையின் மருதமுனையில் நெய்யும் கைத்தறிச் சாரங்கள் கட்டத்திலும் கனத்திலும் இந்தச் சாரங்களுக்கு இளைத்தவை அல்ல. கடல் கடந்து வரும் செலவும் இல்லை. இறக்குமதி தடைப்பட்ட மாதங்களில் இந்தக் கடையின் மேல்தட்டு வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்தபோது, ஏன் மருதமுனைச் சரக்கை எடுக்கவில்லை என்று கேட்டேன். பளையகட் என்று எழுதியிருந்தால்தான் வாங்குகிறார்கள் என்பது விடை. அதே போலக் கண்டி மாவட்டத்தின் தலகுனே கிராமத்தில் நெய்யப்படும் தும்பறைப் பருத்தித் துணி, நம் மலைகளிலேயே பிறந்தது. ஊடையில் கோலம் கோத்து நெய்யும் அந்தத் துணியைச் சுற்றுலாப் பயணிகள் கண்டியில் தேடி வாங்குகிறார்கள், அட்டனில் ஒரு முழம்கூடக் கிடைப்பதில்லை. விரிப்புகளுக்காகச் சென்னைக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கை இங்கே செலவிட்டால் கடைக்கும் நல்லது, வாங்குபவருக்கும் நல்லது.

உபசரிப்பு பற்றி முறைப்பாடு எதுவும் இல்லை. தோட்டத்திலிருந்து வேலை முடிந்து நேரே வருகிறவர்களையும் வாகனத்தில் வந்து இறங்குகிறவர்களையும் ஒரே வகையில் நடத்துகிறார்கள்; எத்தனை மடிப்பைப் பிரித்துக் காட்டச் சொன்னாலும் சலிப்பதில்லை. இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் அம்மாமார் சேலையைத் தொட்டுப் பார்ப்பதற்கே தயங்கி நின்ற கடைகள் இதே மலையக நகரங்களில் இருந்தன. சாரத்தை மூட்டித் தருவதற்குக் கடையின் விறாந்தையிலேயே தையற்காரர் இருக்கிறார், மூட்டுக்கூலி தனி. கட்டம் கட்டத்தோடு பொருந்தும்படி மூட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்வது நல்லது, சொல்லாவிட்டால் அவசரத்தில் கோடு விலகிவிடுகிறது. நீளம் இரண்டு மீற்றர் இருக்கிறதா என்று மூட்டும் முன் அளந்து பார்க்க வேண்டும். சில விசைத்தறிச் சாரங்களில் ஒரு சாண் குறைவதைக் கண்டிருக்கிறேன். மூட்டாத சாரத்தைப் பற்றுச்சீட்டோடு கொண்டுவந்தால் மாற்றித் தருகிறார்கள், பணம் திருப்பித் தருவதில்லை. தவணைக்குக் கொடுப்பது தெரிந்தவர்களுக்கு மட்டும்.

தீபாவளிக்கு முந்திய இரு வாரங்களில் போனால் நெரிசலில் எதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க முடியாது. மேல்தட்டு 60ஆம் நம்பர் சாரங்களில் நல்ல நீலக் கட்டங்கள் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். தை, மாசி மாதங்களில் வெயிலுள்ள ஒரு வார நாளின் முற்பகலே ஏற்ற வேளை. அப்போது புதுச்சரக்கும் வந்திருக்கும், முதியவரும் ஆறுதலாகப் பேசி எடுத்துக் காட்டுவார்.